மெஸ் பில் முதல் மறுமதிப்பீடு வரை: மாணவர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுடையவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். வருகைப்பதிவு, தேர்ச்சி மதிப்பெண் பற்றிச் சொல்லும் கணக்குகள் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் படிப்புகளில் வழக்கமாக உள்ளவை. உங்கள் துறைக் கையேட்டை ஒருமுறை புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்விக் கடனுக்காக போனஃபைடு சான்றிதழ் (இங்கே படிக்கிறேன் என்பதற்கான சான்று) கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். "இது எங்க ஆபீஸ் இல்லை" என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அழகப்பாவில்தானே படிக்கிறேன்?
(முதலாமாண்டு மாணவர், கோட்டையூர்)

எந்த அழகப்பா என்று எழுதினீர்களா? காரைக்குடியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் தடுமாறும் முதல் இடம் இதுதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயரில் அடுத்தடுத்து நிற்கும் நிறுவனங்கள் வெளிப் பார்வைக்கு ஒரே வளாகம் போலத் தெரியும். நிர்வாகம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

1947இல் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அழகப்பா அரசு கலைக் கல்லூரி. அதற்கு முதல்வர் உண்டு, தனி அலுவலகம் உண்டு. பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகம். 1952இல் வந்த பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பாலிடெக்னிக், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. ஊர் வாயில் 'சிக்ரி' என்று வழங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம். செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம் அது. 1985இல் பிறந்த அழகப்பா பல்கலைக்கழகம் இவற்றிலிருந்து வேறான மாநிலப் பல்கலைக்கழகம். அதன் துறைகளில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பதிவாளர் அலுவலகம் சான்றிதழ் தரும்.

உங்கள் சேர்க்கைக் கட்டண ரசீதை எடுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றையும் விண்ணப்பத்தில் அப்படியே எழுதுங்கள். துறைத்தலைவர் கையெழுத்து வாங்கியபின் அலுவலகத்துக்குப் போங்கள். வங்கிக்கு என்றால் "கல்விக் கடனுக்காக" என்று காரணத்தையும், ஆண்டுவாரியான கட்டண விவரம் வேண்டும் என்பதையும் அதே தாளில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் போனஃபைடு ஒரு நடை, கட்டண விவரம் இன்னொரு நடை.

கேள்வி: எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம்; மாதச் செலவைச் சாப்பிட்ட நாள் கணக்கில் எல்லோருக்கும் பங்கிடுவார்கள். ஒரு மாதம் ஒரு தொகை, அடுத்த மாதம் வேறு. பொங்கல் மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தும் தினக் கட்டணம் ஏறிவிட்டது. ஏமாற்றுகிறார்களா? இந்த ஆண்டு நான் மெஸ் கமிட்டியில் இருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
(முதுநிலை இரண்டாமாண்டு மாணவர், திருப்புவனம்)

பாதிப் பேர் போனதால்தான் ஏறியிருக்கும். 200 பேர் உள்ள விடுதி ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மளிகை 2,70,000 ரூபாய். காய்கறி, பால், முட்டை, கறி 1,80,000. கேஸ் 45,000. சமையல்காரர் சம்பளம் 75,000. ஆக 5,70,000. முப்பது நாளும் 200 பேரும் சாப்பிட்டிருந்தால் 6,000 சாப்பாட்டு நாள். ஒரு நாளைக்கு 95 ரூபாய். ரிடக்‌ஷன் வாங்கியவர்களால், அதாவது ஊருக்குப் போன நாளுக்குக் கழிவு வாங்கியவர்களால், 300 நாள் குறைந்து, செலவு அதே அளவில் நின்றால், 5,700ஆல் வகுத்து 100 ரூபாய். ஆள் குறைந்தால் அரிசியும் பருப்பும் குறைய வேண்டும்தான். சம்பளம் குறையாது, கேஸ் கொஞ்சம்தான் குறையும். அதனால் விடுமுறை மாதத்தில் தினக் கட்டணம் சற்று ஏறுவது இயல்பு. ரொம்ப ஏறினால், ஆள் குறைந்தது தெரிந்தும் பழைய அளவிலேயே உலை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கமிட்டி உறுப்பினர் முதலில் கைவைக்க வேண்டியது கடைசித் தேதி இருப்பில். மாதச் செலவு என்பது முதல் தேதி இருப்பு, கூட்டல் வாங்கிய சரக்கு, கழித்தல் கடைசித் தேதி இருப்பு. கடைசித் தேதி இரவு ஸ்டோர் ரூமில் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் ஐந்தையாவது தராசில் வைத்து எடை போடுங்கள். "இரண்டு மூட்டை இருக்கும்" என்று கண்ணளவாக எழுதும் விடுதியில் கணக்கு ஒருநாளும் நேராகாது. இருப்பைக் குறைத்து எழுதினால் இந்த மாத பில் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். ஜூனியர்கள் அதைப் பார்த்து, அடுத்த மாதம் வந்த கமிட்டி நல்ல கமிட்டி என்பார்கள்!

அடுத்து, உலை வைக்கும் அளவு. நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 12 கிலோ, சாம்பாருக்குத் துவரம் பருப்பு 3 கிலோ, பொரியலுக்குக் காய் 8 முதல் 10 கிலோ என்பது நிதானமான அளவு. காலையில் ஆளுக்கு நாலு இட்லி என்றால் 400 இட்லி. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 40 முதல் 50 இட்லி வரும். எனவே அரிசி 8 முதல் 10 கிலோ, உளுந்து 2 முதல் இரண்டரைக் கிலோ. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு ஆளுக்கு 125 முதல் 150 கிராம். இதற்கு மேல் போனால் யார் தட்டில் போகிறது என்று கேட்கலாம், இதற்குக் கீழே போனால் குழம்பில் துண்டைத் தேட வேண்டியிருக்கும். ஒரு வாரம் மட்டும் எச்சில் வாளியையும் மிச்சச் சோற்றையும் தனித்தனியாக எடை போட்டு எழுதிவையுங்கள். வாளி கனத்தால் ருசியில் குறை. அண்டாவில் சோறு மிஞ்சினால் கணக்கில் குறை. மருந்து வேறு வேறு.

ரிடக்‌ஷன் விதியைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பல விடுதிகளில் தொடர்ந்து ஐந்து நாளாவது வெளியே இருந்தால்தான் கழிவு. அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான். வாட்ஸ்அப்பில் வார்டனுக்குச் செய்தி போட்டுவிட்டுப் போகிறவர்கள் பில் வந்ததும் சண்டைக்கு வருவார்கள். ரிடக்‌ஷன் நோட்டில் கையெழுத்து, தேதி, போன நேரம், திரும்பிய நேரம் நான்கும் இருக்கட்டும்.

விருந்தாளி டோக்கன் அடுத்த ஓட்டை. ஊரிலிருந்து தம்பி, மச்சான் என்று வந்து மூன்று வேளை சாப்பிட்டுப் போனால், டோக்கன் பணம் வரவில் வர வேண்டும், அல்லது சாப்பாட்டு நாளில் சேர வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் மச்சானுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள். கேஸ் 19 கிலோ வணிக சிலிண்டர்தானா என்றும் பாருங்கள். வீட்டுச் சிலிண்டரை உள்ளே விட்டால் சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது.

ருசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. செட்டிநாட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டு 'செட்டிநாடு மசாலா' பாக்கெட்டை உடைத்துப் போடும் விடுதிகள் உண்டு. சோம்பு, மிளகு, பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு இவற்றைக் காரைக்குடி மளிகைக் கடையில் மொத்தமாக வாங்கி, வறுத்து, வாரத்துக்கு ஒருமுறை மில்லில் அரைத்தால் போதும். கல்பாசி கை நழுவி அதிகம் விழுந்தால் குழம்பு கசக்கும். நூறு பேர் குழம்புக்கு ஒரு கைப்பிடிக்குள் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: மஞ்சள் காமாலை வந்து 15 நாள் போகவில்லை. அதற்கு முன் சில்லறையாகச் சில நாள் லீவு. அட்டெண்டன்ஸ் 71 விழுக்காடு. தேர்வு எழுத விடுவார்களா?
(இளநிலை இரண்டாமாண்டு மாணவி, கல்லல்)

விடுவார்கள், காகிதம் சரியாக இருந்தால். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். 65 முதல் 75க்குள், அதாவது 59 முதல் 67 நாள் வரை வந்தவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் அபராதக் கட்டணமும் பெற்றுக்கொண்டு விலக்கு அளிப்பது வழக்கம். இதைத்தான் அலுவலகத்தில் 'கண்டோனேஷன்' என்கிறார்கள். 50 முதல் 65க்குள் இருந்தால் அந்தப் பருவத் தேர்வு கிடையாது, அடுத்த முறை எழுதலாம். 50க்கும் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

சறுக்கல் எங்கே என்றால், பருவக் கடைசியில் ஒரு டாக்டரிடம் போய், விட்டுப்போன எல்லா நாளையும் சேர்த்து ஒரே சான்றிதழ் வாங்குவார்கள். தேதிகள் துண்டு துண்டாக இருந்தால் எந்த அலுவலகமும் நம்பாது. நோய் வந்த நாள்களுக்கான சான்று, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், 'உடல்தகுதி பெற்றார்' என்ற சான்று மூன்றையும் வகுப்புக்குத் திரும்பிய அன்றே துறையில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் கொடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கே கொடுங்கள். சில்லறை நாள்களை மருத்துவக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதினைந்து நாளே உங்களுக்குப் போதும்.

முதல் மணி நேரத்துக்குப் பிந்தி வந்தால் அரைநாள் போட்டுவிடும் துறைகளும் உண்டு. மாதக் கடைசியில் வருகைப் பட்டியலை ஒட்டும்போது பார்த்துவிட்டால் தவறை ஒரு வாரத்துக்குள் திருத்த முடியும். விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், கலைவிழா என்று போகிறவர்கள் ஓ.டி. ('ஆன் டியூட்டி') கடிதத்தைப் போவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கோப்பையோடு திரும்பி வந்தபின் கொடுத்தால் கைதட்டல் கிடைக்கும், வருகை கிடைக்காது.

கேள்வி: சீனியர் அண்ணன்கள் இரவு பத்து மணிக்கு மேல் அறைக்குக் கூப்பிட்டு 'இன்ட்ரோ' கேட்கிறார்கள். அசைன்மென்ட், ரெக்கார்ட் நோட்டு எழுதித் தரச் சொல்கிறார்கள். டீக்கடைச் செலவும் நம் தலையில். அடி உதை இல்லை. இது ராகிங் ஆகுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட மாணவர்)

ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை, சீனியருக்குத் தந்த பாட வேலையை ஜூனியரைச் செய்யவைப்பதையும், கட்டாயப்படுத்திச் செலவழிக்க வைப்பதையும் ராகிங் என்றே பட்டியலிடுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1997இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நிறுவனத்திலிருந்து நீக்குவதற்கும் அதில் இடம் உண்டு.

ரெக்கார்ட் எழுதச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். டீக்கடை ஜிபே கணக்கும் சாட்சிதான். பிறகு வார்டன், அல்லது ராகிங் தடுப்புக் குழுவில் உள்ள ஆசிரியர். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. புகார் பதிவானதும் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் குற்றத்தன்மை உடையது என்றால் நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் போக வேண்டும். அதனால், உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்று யாராவது சமாதானத்துக்கு வந்தால், எழுத்தில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்காதீர்கள்.

ஊர், பேர், துறை கேட்டு, கேன்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, பழைய கேள்வித்தாளைக் கையில் தரும் சீனியரும் இதே வளாகத்தில் இருக்கிறார். அவரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

கேள்வி: புதுமைப் பெண் திட்டத்தில் தோழிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு ஆறு மாதம் வந்து நின்றுவிட்டது. அக்கா எம்.எஸ்சி. சேர்ந்தாள், அவளுக்கும் வரவில்லை.
(இளநிலை மாணவி, சாக்கோட்டை)

அக்காவுக்கு வராது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டமும், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வனும் பள்ளிக்குப் பின் சேரும் முதல் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்புகளுக்கு உரியவை. முதுநிலைக்குக் கிடையாது.

உங்களுக்கு நின்றதற்கு வங்கிதான் காரணமாக இருக்கும். இந்தப் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கைத் தேடி வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கே போகும். இடையில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி ஆதார் கொடுத்திருந்தால் பணம் அங்கே கிடக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்தால் உயிர் வரும். இரண்டும் சரியாக இருந்தால் கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் ஆசிரியரிடம் போங்கள். ஒவ்வொரு ஆண்டும் நீங்கள் தொடர்ந்து படிப்பதை அவர் உறுதிசெய்தாக வேண்டும். விட்டுப்போன பெயர்களில் உங்கள் பெயரும் இருக்கக்கூடும்.

கேள்வி: புதுவயலிலிருந்து தினம் வந்து போகிறேன். பெண்களுக்கு இலவசம் என்றார்கள். ஒரு பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான் இலவசம், 2021 மே மாதத்திலிருந்து. வெளியூர் பஸ்ஸில் ஏறினால் காசு. முகப்புப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். ரயிலில் வருகிறவர்கள் கல்வி நிறுவனத்தின் சான்றோடு மாணவர் சீசன் டிக்கெட் எடுத்தால் பாதிக் கட்டணம்; 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும்.

கேள்வி: எம்.காம். பேப்பர் ஒன்றில் மொத்தம் 60 வந்திருக்கிறது. 50 எடுத்தால் பாஸ். ஆனால் மார்க் ஷீட்டில் அரியர் என்று போட்டிருக்கிறது. ரீவேல்யூவேஷன் போடலாமா?
(முதுநிலை மாணவர், மானாமதுரை)

உள்மதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்று பிரித்திருக்கும் முறையில் மொத்தத்தை மட்டும் பார்க்கக் கூடாது. எழுத்துத் தேர்விலும் தனியாக 50 விழுக்காடு வேண்டும் என்ற விதி இருந்தால், 75க்கு 38 எடுத்தாக வேண்டும். உங்களுக்கு உள்மதிப்பீட்டில் 24, எழுத்தில் 36 வந்திருக்கும். கூட்டினால் 60; எழுத்தில் இரண்டு மார்க் குறைவு. இளநிலை என்றால் 40 விழுக்காடு கணக்கில் 30 போதும்.

இரண்டு மார்க்கில் போனவர்கள் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள். நகல் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: உள்ளே போட்ட மார்க் முகப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா, மதிப்பிடாமல் விட்ட பக்கம் உண்டா. கூடுதல் தாளில் எழுதிய கடைசி விடையைப் பார்க்காமல் விடுவது நடக்கிற தவறு. வெறும் கூட்டல் பிழை என்றால் மறுகூட்டல் போதும், கட்டணமும் குறைவு. விடையை முழுதாகத் திரும்பத் திருத்த வேண்டும் என்றால்தான் மறுமதிப்பீடு. பாடம் நடத்திய ஆசிரியரிடம் நகலைக் காட்டி, "இதற்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் சார்?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

தேர்வு முடிவு வந்த அன்றே அறிவிப்பில் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் தாண்டினால் துணைவேந்தரே நினைத்தாலும் சிரமம். மறுமதிப்பீட்டை நம்பி அரியர் தேர்வுக்குப் பணம் கட்டாமல் இருந்துவிடவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே கட்டிவையுங்கள்.

கேள்வி: இங்கே சேர்ந்தபின் வேறு ஊரில் விரும்பிய படிப்பு கிடைத்துவிட்டது. கட்டிய பணம் திரும்பி வருமா? டி.சி. தர மறுக்கிறார்கள்.
(மாணவியின் தந்தை, சிங்கம்புணரி)

மானியக் குழுவின் 2018 அறிவிப்பில் இதற்குக் கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் முழுத் தொகை. அதில் 5 விழுக்காடு வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாளுக்குள் வந்துவிட்டால் 90 விழுக்காடு. கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதற்குப் பின் 30 நாள் வரை 50. அதற்கும் பிறகு ஒன்றும் கிடையாது. காப்புத்தொகை, அதாவது காஷன் டெபாசிட், எப்போது விலகினாலும் முழுதாக வர வேண்டும். சில ஆண்டுகளில் மானியக் குழு இன்னும் தாராளமான தேதிகளைத் தனியாக அறிவிப்பதும் உண்டு. உங்கள் ஆண்டுக்கு அப்படி ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அசல் சான்றிதழ்களைப் பார்த்துச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நாள் ஓடும். விழுக்காடு குறைவது நாளை வைத்துத்தான் என்பதால், விலகும் கடிதத்தை இன்றே கொடுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தபால் முத்திரைத் தேதி உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: சுற்றுலாவியல் படிக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். வாட்ச்மேன் விடுகிறார், போட்டோ எடுத்தால் தடுக்கிறார்.
(முதுநிலை மாணவி, பள்ளத்தூர்)

அவர் தடுப்பதுதான் சரி. அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமானதாக இருக்காது. பங்காளிகள் பல பேர், ஒவ்வொருவருக்கும் பங்கு. சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தில் எந்த நாள், எத்தனை பேர், எந்தப் பகுதி, படம் எங்கே பயன்படும் என்று எழுதி, வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் பங்காளிக்கு அனுப்புங்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று குடும்பம் கூடும் நாளில் போனால் விவரம் கிடைக்கும், அளவெடுக்க இடம் கிடைக்காது. அளவுக்கு வேறு நாள் கேளுங்கள்.

அளக்கும்போது முகப்பு, பட்டாலை, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசலிலிருந்து பின்தெரு வரை நேர்கோட்டில் போங்கள். வளவின் நீள அகலத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். மூலைவிட்டங்கள் ஒத்துவராவிட்டால் சதுரம் கோணல், அல்லது டேப் தொய்ந்திருக்கிறது. தூண் எண்ணிக்கை, மரமா கல்லா, தரை ஆத்தங்குடித் தளமா வெளிநாட்டு டைலா என்பதை அறைவாரியாகக் குறியுங்கள். ஆத்தங்குடித் தளத்தைக் கண்ணாடிமேல் வார்ப்பார்கள். அதனால் முகம் வழவழப்பாக இருக்கும், கையால் ஊற்றிய வண்ணத்தின் ஓரம் கல்லுக்குக் கல் சிறிது மாறும். அச்சடித்த டைலில் அந்த மாற்றம் இருக்காது. சாமி அறையைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

அச்சுச் சான்றுக்கு இரண்டு இடம் சொல்லலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இரண்டுக்கும் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு, தேவையான தலைப்புகளின் பட்டியலோடு போங்கள்.

கேள்வி: முழுநேர பிஎச்.டி. சேர எண்ணம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை, 'பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி' என்று வந்திருக்கிறது. அது செல்லுமா?
(சிவகங்கை வாசகர்)

செல்லும், ஓர் ஆண்டுக்கு. 2024 ஜூன் தேர்விலிருந்து வந்த மூன்று பிரிவில் அது மூன்றாவது. உதவித்தொகை மட்டும் அதில் இல்லை, ஜே.ஆர்.எஃப்.காரர்களுக்கு மாதம் 37,000. எனவே மூன்று ஆண்டுச் செலவுக்கு வழி என்ன என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு.

நெறியாளரைத் தேடும்போது அவரிடம் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஓய்வு பெற எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதை அவரைக் கேட்காதீர்கள், அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: துறை மன்ற விழா நடத்தப் போகிறோம். பட்ஜெட் கையில் இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
(மன்றச் செயலாளர், காரைக்குடி)

தேதியை முதலில். பங்குனியில் கம்பன் விழா வருகிறது. கம்பனடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா மகம், பூரம், உத்திரம் மூன்று நாள் காரைக்குடியிலும், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையிலும் நடப்பது. அந்த வாரத்தில் நல்ல பேச்சாளர் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிப் பக்கம் பஸ்ஸும் கிடைக்காது. தைப்பூசக் காவடி நடக்கும் நாள்களிலும் இதே கதை.

செலவுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கிவையுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் யாருக்குக் கொடுத்தாலும் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. இது இல்லாமல்தான் ஆடிட்டில் மன்றப் பணம் மாதக்கணக்கில் முடங்குகிறது. மின்சாரத்தில், ஒரு 16 ஆம்ப் பாயின்ட் தாங்குவது சுமார் மூன்றரைக் கிலோவாட். எல்.இ.டி. திரை, மேடை விளக்கு, ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் அதிலேயே இழுத்தால் சிறப்பு விருந்தினர் பேசும்போது டிரிப் ஆகும். ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன் கேளுங்கள். ஸ்பீக்கரில் 'ஊம்ம்' என்ற இரைச்சலும் குறையும். திறந்த வெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. டி.ஜே. ஒன்பதரைக்கு முடிகிற மாதிரி நிரல் போட்டால் பத்துக்கு முடியும்.

கேள்வி: வேட்டி கட்டி வகுப்புக்கு வரலாமா?
(முதுநிலை வேதியியல் மாணவர், கண்டனூர்)

துறையில் உடைக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கை இல்லையென்றால் தாராளமாக. லேப் உள்ள நாளில் மட்டும் வேண்டாம். அமிலம் சிந்தினால் கால் மூடியிருக்க வேண்டும். பர்னர் பக்கம் தொங்கும் துணி ஆகாது. பருத்திக் கோட், மூடிய ஷூவோடு பையில் ஒரு பேன்ட்டும் இருக்கட்டும்.